கன்னியம்மா பெயரில் ஒரு பச்சை அட்டை

ராவத்பாட்டா, ராஜஸ்தான்
14.2.2001

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு ரெஜினா எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளை ஜெரோமும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சந்திரம்மா அத்தைக்கு இருமல் நின்றதா? வெயிலில் சைக்கிள் மிதித்து ஊர் ஊராகப் போகிற வேலையை இனியாவது சின்னப் பையன்களிடம் தள்ளிவிடுங்கள்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து இங்குள்ள நிலையத்துக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஓடிவிட்டது. குவார்ட்டர்ஸ் வசதிதான். மீன்தான் கிடைக்கவில்லை. புதுப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த மனுஷர் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

எனக்கு ஏழாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். இரண்டு நாள் ரயில் பயணமே கூடாது என்று கோட்டாவில் பார்க்கிற லேடி டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லையா என்று அம்மா அழுதாள். கடைசியில் அம்மாவே ஏப்ரலில் இங்கே வருவதாக முடிவாகியிருக்கிறது. அம்மா ஊர் திரும்பும்வரை தங்கை அனு உங்கள் வீட்டில் செங்கல்பட்டில் இருக்கட்டும். அவள் வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா, ஒரு விஷயம். முன்பு ஏதாவது மருந்து தொடர்ந்து சாப்பிட்டதுண்டா என்று டாக்டர் கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் தேமலுக்கு என்று ஆறு மாதம் நீங்கள் கொடுத்தீர்களே, அது நினைவுக்கு வந்தது. மாதம் ஒரு நாள் கருங்குழிக்கு வந்து சிவப்பு மாத்திரையைக் கையில் கொடுத்து, நான் விழுங்கும்வரை நின்று பார்ப்பீர்கள். அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்பீர்கள். மற்ற நாளைக்கெல்லாம் ஒரு வெள்ளை மாத்திரை. அதன் பேர் என்ன? டாக்டர் எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

போனில் கேட்கலாம் என்றால் பூத்தில் பின்னால் நாலு பேர் நின்று நம் வாயையே பார்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மருமகள்
ரெஜினா

*

செங்கல்பட்டு
20.3.2001

சேசு மரி சூசை துணை

அன்பு ரெஜினாவுக்கு மாமா மோசஸ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிந்து மகிழ்ச்சி. டாக்டர் பேச்சைத் தட்டாதே. ரயில் ஏறவே வேண்டாம்.

பதில் தாமதமாகிவிட்டது. மார்ச் வந்தால் எங்கள் ஆபீஸ் படுத்தும் பாடு உனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தொழுநோய் ஆய்வாளர் வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு அவசரத்தைப் பார்த்ததில்லை. நோயை ஒழித்துவிட்டோம் என்று காட்ட எண்ணிக்கை இறங்க வேண்டும். எங்கள் பகுதியில் நன்றாக இறங்கியிருக்கிறது என்று போன வாரம் கூட்டம் போட்டு எனக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். உன் அத்தை அதை டிவி மேல் வைத்திருக்கிறாள்.

மகாபலிபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் சர்வே முடிந்தது. சட்டையைக் கழற்றி வெயிலில் திரும்பி நிற்கச் சொன்னால் ஒரு மீன்காரம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். "இன்னா சார், வருஷா வருஷம் எல்லார் முதுகையும் பாத்துகினு போறே, ஒரு நாளாவது மூஞ்சப் பாத்து நல்லா கீறியான்னு கேட்டியா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

மாத்திரை விஷயம் கேட்டிருந்தாய். அது இரத்தம் சுத்தமாவதற்குக் கொடுத்தது. பேர் எனக்கே மறந்துவிட்டது. பழைய கதையை எல்லாம் டாக்டரிடம் சொல்லிக் குழப்பாதே.

அனுவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தேவமாதா உனக்குத் துணை இருப்பாள்.

உன் தாய்மாமன்
மோசஸ்

*

ராவத்பாட்டா
9.7.2001

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு ரெஜினா எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமா? பேரன் ரோஹித்துக்கு எழுபத்தைந்து நாள் ஆகிறது. தந்தி போல அழுகிறான், விட்டுவிட்டு. மூக்கு உங்களைப் போல இருக்கிறது என்று அம்மா சொன்னாள். ஜெரோமுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஜூன் முதல் வாரம் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் எண்ணெய் தேய்த்துவிடும்போது என் முதுகைப் பார்த்துவிட்டுக் கை அப்படியே நின்றுவிட்டது. என்னம்மா என்றேன், ஒன்றுமில்லை சூடு என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். அடங்கிப் போயிருந்த பழைய தேமல் எல்லாம் சிவந்து தடித்திருக்கிறது. முதுகில், தொடையில், வலது கையில்.

இப்போது அதைவிடப் பெரிய தொல்லை வந்திருக்கிறது. வலது முழங்கையின் உள்பக்கம் ஒரு இடம் தொட்டாலே ஷாக் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை ஓடுகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கின்றன. நேற்று தோசைக் கரண்டி தானாக நழுவி விழுந்தது. குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கிறது மாமா.

லேடி டாக்டர் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார், கேட்கவில்லை. நீங்கள் எவ்வளவோ பேருடைய கை காலைப் பார்த்தவர். இது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுதுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்
ரெஜினா

*

செங்கல்பட்டு
18.9.2001

சேசு மரி சூசை துணை

அன்பு ரெஜினாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம். பேரனுக்கு முத்தங்கள். இரண்டு மாதமாக எழுதாததற்கு என்னைத் திட்டாதே. முகாம், பயிற்சி என்று ஓட்டம். நாலு முறை எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன்.

உனக்கு வந்திருப்பது நரம்பு வீக்கம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வரும். இத்துடன் பார்சலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மாத்திரை அனுப்பியிருக்கிறேன். அட்டையிலிருந்து எல்லாவற்றையும் நானே பிரித்துப் போட்டேன், உனக்குச் சிரமம் வேண்டாம் என்று. காலையில் சாப்பிட்ட பிறகு எட்டு மாத்திரை ஒன்றாகப் போடு. இரண்டு வாரம் எட்டு, அடுத்த இரண்டு வாரம் ஆறு, பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. நடுவில் நிறுத்தவே கூடாது. உப்பைக் குறை. முழங்கையை மடக்கித் துணியில் தொங்கவிட்டு ஓய்வு கொடு. பாட்டிலோடு அத்தை செய்த முறுக்கும் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் சத்து மாத்திரை என்று சொல். ஆண்பிள்ளைகள் வீணாகப் பயப்படுவார்கள். டாக்டரிடமும் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வைத்தியரும் ஒவ்வொன்று சொல்லிக் குழப்புவார்.

தயவுசெய்து தவறாமல் போடு கண்ணு. ஒரு நாள்கூட விடாதே.

உன் தாய்மாமன்
மோசஸ்

*

ராவத்பாட்டா
15.10.2001

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாமாவுக்கு. நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். பார்சல் கிடைத்தது. முறுக்கு நொறுங்காமல் வந்தது, ஜெரோம் ஒரே நாளில் காலி செய்துவிட்டார். மாத்திரை விஷயத்தில் நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்.

ரோஹித் குப்புற விழுந்துவிட்டான். இங்கே விடியற்காலையில் குளிர் ஆரம்பித்துவிட்டது. அத்தைக்கும் அனுவுக்கும் என் அன்பு. குழந்தை எழுந்துவிட்டான், வேறு விசேஷம் இல்லை.

ரெஜினா

*

செங்கல்பட்டு
12.11.2001

சேசு மரி சூசை துணை

அன்பு ரெஜினாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இப்போது மூன்று மாத்திரைக்கு வந்திருப்பாய். ஒரு சோதனை சொல்கிறேன். சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் ஒரு தாளைப் பிடித்துக்கொள். மாப்பிள்ளையை மெல்ல இழுக்கச் சொல். தாள் நின்றால் எனக்கு எழுது. நழுவினாலும் எழுது.

அனுவுக்கு மதுராந்தகத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பேர் சீனு, பாங்க்கில் வேலை. ஞானஸ்நானப் பெயர் வேறு, சீனு என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன் அம்மா ஞானம்மாளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இந்த முறையும் தாய்மாமன் நானே நின்று நடத்த வேண்டுமாம்.

போன வாரம் மகாபலிபுரம் பக்கம் வேலையாகப் போனபோது அங்கே ஒரு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நம் பங்குச் சாமியாருக்கு என் குரல் தெரியும் அல்லவா, அதனால்தான் அங்கே. அந்தச் சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லிட்டே. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொன்னியா?" என்றார். செபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். அது பெரியவர்கள் விவகாரம், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

கை எப்படி இருக்கிறது என்று மட்டும் உடனே எழுது.

உன் தாய்மாமன்
மோசஸ்

*

செங்கல்பட்டு
20.12.2001

அன்பு ரெஜினா, ஜெரோம், ரோஹித்துக்குக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. பூத்திலிருந்து இரண்டு தடவை பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன், நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். தாள் நின்றதா இல்லையா? ஒரு வரி போதும்.

மாமா

*

ராவத்பாட்டா
27.1.2002

மாமாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. தாள் நிற்கவில்லை. நவம்பரிலேயே நிற்கவில்லை. இப்போது இரண்டு விரலும் உள்ளே மடங்கிவிட்டன. இடது கையால் பிடித்து நீட்டினால் நீள்கின்றன, விட்டால் திரும்ப மடங்கிக்கொள்கின்றன.

போன வாரம் வீடு வீடாக இரண்டு பெண்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். உணர்ச்சி இல்லாத தேமல் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்கள். படத்தைத் திருப்பினால் ஒரு கை. என் கையேதான். அதில் வளையல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் என் கையை முந்தானைக்குள் மறைத்தேன். அதில் ஒருத்தி பார்த்துவிட்டாள். ஒதுங்குவாள் என்று நினைத்தேன். வாசல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மறைத்த கையை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவர்களுடைய டாக்டரிடம் போனேன். முழங்கை நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றார். முன்பு மருந்து சாப்பிட்டாயா என்றார். மாதம் ஒரு சிவப்பு, தினம் ஒரு வெள்ளை, ஆறு மாதம் என்றேன். முதுகையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "கொடுத்தவர் விஷயம் தெரிந்தவர்தான். ஏன் மூன்றாவது மருந்தைக் கொடுக்கவில்லை?" என்று கேட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டில் மாத்திரையில் ஒன்றைக்கூட நான் போடவில்லை. குழந்தை பால் குடிக்கிறது. பேர் இல்லாத மாத்திரை, ஒரு வேளைக்கு எட்டு, டாக்டரிடம் காட்டாதே, வீட்டுக்காரரிடம் சொல்லாதே என்றால் எந்தத் தாய் போடுவாள்? உங்கள் மனம் நோகக்கூடாது என்று போடுவதாக எழுதினேன். பாட்டிலை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உருட்டிப் பார்த்தார், நீங்கள் எழுதிய கணக்கையும் கேட்டார். இதுதான் சரியான மருந்து என்றார். பேர் தெரிந்து அப்போதே போட்டிருந்தால் விரல் பெரும்பாலும் நிமிர்ந்திருக்கும் என்றார்.

எனக்கு வந்த நோயின் பேர் என்ன மாமா? டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் எழுதி நான் பார்க்க வேண்டும்.

ரெஜினா

*

செங்கல்பட்டு
8.2.2002

ரெஜினாவுக்கு,

தொழுநோய். ஊரில் குஷ்டம் என்பார்கள்.

1999 பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருங்குழிக்கு வந்திருந்தேன். நீ சோறு வடித்துக்கொண்டிருந்தாய். சூடான பானை உன் வலது முன்கையில் பட்டுத் தோல் வெந்தது. உனக்குத் தெரியவே இல்லை. அனுவோடு எதற்கோ சண்டை போட்டுக்கொண்டே வடித்து முடித்தாய். நான்தான் பார்த்தேன். பேனா முனையால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொடுகிறேன் சொல் என்று விளையாட்டுப் போல உன்னைக் கேட்டேன், நினைவிருக்கிறதா? மூன்று தடவை தொட்டும் நீ, "இன்னும் தொடலியே மாமா" என்றாய்.

உன் முதுகையும் தொடையையும் நான் பார்க்க முடியாது. உன் அம்மாவை அறைக்குள் அனுப்பி எண்ணச் சொன்னேன். வெளியே வந்து ஏழு என்றாள். கையில் இருந்ததையும் சேர்த்துத்தான்.

எங்கள் கணக்கு இது. தேமல் ஐந்து இடம் வரை இருந்தால் பச்சை மாத்திரை அட்டை, இரண்டு மருந்து, ஆறு மாதம். ஐந்தைத் தாண்டினால் சிவப்பு அட்டை, மூன்று மருந்து, பன்னிரண்டு மாதம். அந்த மூன்றாவது மருந்து தோலைக் கறுக்க வைக்கும். நிறுத்தின பிறகு மெல்ல மெல்ல மாறிவிடும். ஆனால் ஜெரோம் வீட்டார் உன்னைப் பார்த்துப் போயிருந்தார்கள். "பொண்ணு மாநிறந்தான், ஆனா லட்சணமா கீது" என்று அவர் அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். செப்டம்பரில் கல்யாணம். உன் அப்பா இல்லாத வீடு. உன் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் பழி போடவில்லை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் ஐந்து என்று எழுதினேன். அதையும் உன் பேரில் எழுதவில்லை. படாளம் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்யும் கன்னியம்மா, வயது இருபத்திரண்டு என்று எழுதினேன். சூளைக்காரர்கள் ஓரிடத்தில் இருக்க மாட்டார்கள், யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது. அப்படி ஒருத்தி கிடையாது. அவள் பேரில் வாங்கிய பச்சை அட்டையைத்தான் பிரித்து உனக்குக் கொடுத்தேன். ஆறு மாதம் முடிந்ததும் கன்னியம்மா குணமடைந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊர் ஊராக மைக் கட்டி, இதுவும் மற்ற நோய் மாதிரிதான், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும், மறைக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். என் அக்கா வீட்டில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. உன் அட்டையில் இருந்திருக்க வேண்டிய மருந்தை நான்தான் எடுத்துவிட்டேன். பிரசவத்துக்குப் பிறகு அடங்கிக் கிடப்பது கிளம்பும் என்றும் எனக்குத் தெரியும். நீ பிரசவத்துக்கு இங்கே வரவில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது ரெஜினா. ஜூனில் உன் அம்மா வந்து முதுகு சிவந்திருக்கிறது என்றாள். ஜூலையில் உன் கடிதம் வந்தது. ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று தெரிந்தே இரண்டு மாதம் தள்ளினேன். மருந்தின் பேர் மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிடும் என்று ஒவ்வொன்றாக உரித்தேன். நீ போடாததும் என்னால்தான்.

இப்போது டாக்டர் கொடுப்பதை விடாமல் சாப்பிடு. குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், பயமில்லை. மருந்து ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பரவாது. மாப்பிள்ளையிடம் நானே வந்து காலில் விழுகிறேன் என்று சொல். மன்னிப்பு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

மோசஸ்

*

ராவத்பாட்டா
24.2.2002

மாமாவுக்கு,

ரோஹித் சுகம். ஜெரோம் சுகம். என்னைப் பற்றி டாக்டர் சொன்னதை எழுதுகிறேன். சிவப்பு அட்டை ஆரம்பித்துவிட்டேன், ஒரு வருஷம். நரம்புக்கு நீங்கள் அனுப்பிய அதே மாத்திரை, பேர் போட்ட அட்டையில். மோதிரவிரல் கொஞ்சம் திரும்பலாம், சுண்டுவிரல் சந்தேகம் என்கிறார். கறுத்தால் கறுக்கட்டும். இங்கே என்னைப் பெண் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை ஜெரோமிடம் கொடுத்துவிட்டு நான் சமையலறையில் நின்றேன். படித்து முடித்தார். பிறகு வந்து, "சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சிட்டாரா உங்க மாமா?" என்று கேட்டார். சொல்லியிருப்பீர்களா என்று கேட்டேன். "தெரியல. ஆனா கேட்டிருக்கணும் இல்ல" என்றார். அவர் நேர்மையாகப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் லீவு போட்டு டாக்டரிடம் போய்ச் சட்டையைக் கழற்றி நின்றார். குழந்தையையும் காட்டினோம். இருவருக்கும் ஒன்றுமில்லை.

எனக்குக் கோபம் எதில் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்காகச் செய்தீர்கள், அது புரிகிறது. ஆனால் அப்போது எனக்கு இருபது வயது, ஆசிரியப் பயிற்சி முடித்தவள். என் உடம்பில் என்ன இருக்கிறது என்று நான் கண்ணால் பார்க்காத ஒரு கன்னியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவளுக்குக் குணமாகிவிட்டது என்று கையெழுத்தும் ஆகிவிட்டது. அந்தக் கணக்குக்குத்தான் ஷீல்டு கொடுத்தார்கள் இல்லையா? நானும் போடாத மாத்திரையைப் போட்டதாக எழுதினேன். அந்தப் பாவம் என்னுடையது, அதை உங்கள் தலையில் வைக்கவில்லை.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. பொய்யாக எழுத மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். ஒரு வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூட இருக்கிற எல்லோரையும் பார்க்க வேண்டும் என்று இங்கே டாக்டர் சொன்னார். அது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானும் அனுவும் பதினைந்து வருஷம் ஒரே பாயில் படுத்தோம். போன வருஷம் அவள் உங்கள் வீட்டிலேயே இரண்டு மாதம் இருந்தாள். அவளை யாராவது பார்த்தீர்களா?

ரெஜினா

*

செங்கல்பட்டு
11.3.2002

அன்பு ரெஜினாவுக்கு,

யாரும் பார்க்கவில்லை. கன்னியம்மாவுக்குத் தங்கை இல்லையே, யாரைப் போய்ப் பார்ப்பது? உன் பேரை எழுதியிருந்தால் அடுத்த வாரமே அனுவைப் பார்த்திருப்பார்கள். என் வீட்டில் அவள் இருந்த இரண்டு மாதமும் அவள் முழுக்கை ரவிக்கை போட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று நான் பார்க்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் எங்கள் மருத்துவ அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, உனக்கென்ன பைத்தியமா, ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கிறதே என்றார். மெமோ வரும். அங்கிருந்தே கிராம செவிலியர் தெய்வநாயகியைக் கூட்டிக்கொண்டு கருங்குழிக்குப் போனேன்.

உன் அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "பெரியவ கையி போனது பத்தலியாடா? ஈஸ்டர் முடிஞ்சி நிச்சயம்னு சொல்லிகினு கீறாங்க, இப்ப வந்து நிக்கிறியே" என்றாள். அக்காவுக்கு எதிரே நான் வாய் திறந்ததே இல்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கு வாசலை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, "ஏழுன்னு எண்ணிச் சொன்னவ நான்தானே" என்று அழுதாள். பிறகு வழி விட்டாள்.

தெய்வநாயகி அனுவை ஜன்னல் ஓரமாக வெளிச்சத்தில் நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்றேன். எத்தனையோ ஆயிரம் வீட்டு வாசலில் இப்படி நின்றிருக்கிறேன்.

இரண்டு இடம். இடது தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. நரம்பு எதுவும் தடிக்கவில்லை. கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. டாக்டரும் மறுநாள் பார்த்து உறுதி செய்துவிட்டார். பதிவேட்டில் நானே எழுதினேன்: அனு, வயது இருபத்தொன்று, ஞானம்மாள் மகள், கருங்குழி. அதற்கு மேல் வரியில் உன் பேரை எழுதி, ஏழு என்றும் எழுதி, இப்போது ராஜஸ்தானில் சிகிச்சையில் இருக்கிறார் என்று குறித்தேன். கன்னியம்மாவின் பேரை டாக்டர் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

அனுவிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. தெய்வநாயகி தான் சொல்வதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவளை எதிரே உட்காரவைத்து, நோயின் பேரைச் சொன்னேன், அக்காவுக்கு என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். அக்கா கையைப் பற்றித்தான் முதலில் கேட்டாள், அதற்கு நிறைய நேரம் அழுதாள். அந்த சீனுவிடம் தானே பேசிக்கொள்வதாகவும், நாங்கள் யாரும் நடுவில் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பச்சை அட்டையைக் கையில் வாங்கினாள். பின்பக்கம் திருப்பி அதில் இருந்த மருந்தின் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மாதாந்தர மாத்திரையைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள்.

"எத்தினி மாசம் மாமா இது?"

"ஆறு மாசம்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்லம்மா. சரியாயிடும்."

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன் ரெஜினா. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்று சொன்னேன்.

மோசஸ்